மிளகாய் சாஸுக்குப் புளிப்பு எங்கிருந்து?

வீட்டில் மிளகாய் சாஸ் செய்யச் சொல்லும் குறிப்புகள் நாலைந்தை எடுத்து அருகருகே வைத்துப் படித்தால் அவை ஒன்றையொன்று மறுப்பது உடனே தெரியும். வினிகரில் 20 நிமிடம் வேகவைத்து அரைத்தால் போதும் என்கிறது ஒன்று. உப்பில் வாரக்கணக்காகப் புளிக்கவிடு என்கிறது இன்னொன்று. விதையை எடுத்துவிடு என்று ஒரு குறிப்பு சொல்ல, எடுத்தால் காரம் போச்சு என்கிறது மற்றொன்று. எண்ணெயில் வதக்கலாமா, சர்க்கரை சேர்க்கலாமா, பூண்டு பச்சையாகப் போடலாமா என்று எதிலும் ஒருமித்த பேச்சு இல்லை. ஒவ்வொரு குறிப்பும் வேறொரு ஊரில், வேறொரு மிளகாயில் பிறந்த சாஸைப் பற்றிப் பேசுவதுதான் காரணம். லூசியானா, சீராச்சா, யுகாத்தான், ஹூனான் எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிப் பாட்டிலில் அடைக்கப் பார்க்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன: சாஸைக் கெடாமல் காக்கும் புளிப்பை எங்கிருந்து எடுப்பது?

காரத்தைப் பற்றியல்லவா முதலில் பேச வேண்டும் என்று தோன்றலாம். காரத்தின் கதை சுவாரசியமானது. ஆனால் சமையல்காரர் அதில் செய்வதற்கு அதிகம் இல்லை. காரம் தருவது கேப்சைசின் என்ற பொருள். அது உருவாகும் இடம் விதை அல்ல, விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிர்நிறத் தசை. விதைக்குக் காரம் இருப்பதாகத் தோன்றுவது அந்தத் தசையோடு உரசிக் கிடப்பதால்தான். நாக்கில் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் ஏற்பி ஒன்றை இந்தக் கேப்சைசின் தூண்டிவிடுகிறது. ஆறிப்போன சாஸும் சுடுவதாக மூளை நம்புவது அதனால். அந்த ஏற்பியை 1997இல் அடையாளம் காட்டிய டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளுக்கு இந்தக் காரம் உறைப்பதில்லை. பாலூட்டிகளை விரட்டவும், பழத்தைத் துளைத்து வரும் பூஞ்சையைத் தடுக்கவும் செடி அதை வைத்திருக்கிறது என்பதை ஜோஷுவா டியூக்ஸ்பரி குழுவினரின் ஆய்வுகள் காட்டின. வேகவைத்தாலும் புளிக்கவைத்தாலும் கேப்சைசின் அவ்வளவாக அழியாது. ஆகவே எந்த மிளகாயை வாங்குகிறோம், அதில் எவ்வளவு தசையைச் சுரண்டி எடுக்கிறோம் என்பதோடு காரத்தைப் பற்றிய முடிவு தீர்ந்துவிடுகிறது.

காரத்தை அளக்க 1912இல் வில்பர் ஸ்கோவில் வகுத்த அளவுகோலில் ஹாலபினோ மிளகாய் 2,500 முதல் 8,000 வரை. ஹபனேரோ ஒரு லட்சத்தைத் தாண்டும். 2023இல் கின்னஸ் பதிவேட்டில் ஏறிய பெப்பர் எக்ஸ் 26 லட்சத்துக்கும் மேல். இந்தப் பந்தயத்துக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பில்லை என்பது என் எண்ணம். உலகம் முழுக்க மேசைமேல் இருக்கும் டபாஸ்கோ சாஸ் 5,000ஐத் தாண்டுவதில்லை.

சாஸ் செய்பவருக்கு உண்மையான சிக்கல் வேறு. பச்சையாகப் பறித்த மிளகாயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5 முதல் 6 வரை. அதாவது புளிப்பு மிகக் குறைவு. மண்ணோடு வரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி, காற்றுப் புகாத இடத்தில், புளிப்புக் குறைந்த ஈர உணவில் வளர்ந்து கொடிய நஞ்சைச் சுரக்கும். அது தலையெடுக்காமல் இருக்க பி.எச். 4.6க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட எல்லை. வீட்டில் அளவுப்பிழைக்கு இடம் விட்டு 4க்குக் கீழே போய்விடுவது நல்லது. வத்தலுக்கு இந்தக் கவலை இல்லை. தண்ணீரே இல்லாத இடத்தில் கிருமிக்கு வேலையில்லை. நம் மோர் மிளகாய் இரண்டையும் சேர்த்துக்கொண்ட ஏற்பாடு: மோரின் புளிப்பும் உப்பும் முதலில், வெயில் பிறகு. வெயிலை விட்டுவிட்டு, ஈரத்தோடேயே மிளகாயைக் காக்க நினைக்கும்போதுதான் சாஸ் பிறக்கிறது. அப்போது புளிப்பு சுவைக்காக மட்டும் இல்லை, காவலுக்காகவும்தான்.

இந்தக் காவலை ஒவ்வொரு நாடும் எப்படி அமைத்துக்கொண்டது என்று பார்க்கலாம். லூசியானாவின் ஏவரி தீவில் எட்மண்ட் மெக்கில்ஹென்னி 1868இல் தொடங்கிய டபாஸ்கோவில் இருப்பது மூன்றே பொருள்: மிளகாய், உப்பு, வினிகர். பறிப்பவர்கள் கையில் சிவப்புச் சாயம் பூசிய சிறு குச்சி ஒன்று இருக்கும். அந்த நிறத்துக்குப் பழுத்த மிளகாயைத்தான் பறிக்க வேண்டும். அன்றைக்கே அரைத்து உப்புச் சேர்த்து, வெள்ளை ஓக் மரப் பீப்பாய்களில் அடைத்து, மூடியின்மேல் உப்பைக் கொட்டி வைக்கிறார்கள். அந்த உப்பு இறுகிப் பாறைபோல் மூடிக்கொள்கிறது. உள்ளே உண்டாகும் வாயு வெளியேறலாம், வெளிக்காற்று உள்ளே வர முடியாது. மூன்றாண்டுகள் வரை அப்படியே கிடந்த விழுதில்தான் வினிகரைக் கலந்து, கிளறி, தோலையும் விதையையும் வடித்து எடுக்கிறார்கள். அந்தத் தீவே ஓர் உப்புக் குன்றின்மேல் அமர்ந்திருப்பதால் உப்புக்கு அவர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. வீட்டில் மூன்றாண்டு காத்திருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். அவ்வளவு காலத்தில் மரம் தரும் மணமும் முனை மழுங்கிய காரமும் கண்ணாடி ஜாடியில் கிடைக்கப்போவதில்லை.

தாய்லாந்தின் சோன்புரி மாநிலக் கடலோர ஊரான சீராச்சாவில் மீனுக்குத் தொட்டுக்கொள்ள உருவான சாஸ் வேறு வழியைச் சேர்ந்தது: மிளகாய், பூண்டு, வினிகர், சர்க்கரை, உப்பு, இளகி ஓடும், இனிக்கும். வியட்நாமிலிருந்து அகதியாகக் கிளம்பிய டேவிட் டிரான், தான் ஏறிவந்த ஹூயி ஃபாங் என்ற கப்பலின் பெயரில் 1980இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய நிறுவனம் சீராச்சா என்ற பெயரையே எடுத்துக் கெட்டியான, காரம் கூடிய சாஸாக்கியது. அங்கே வற்றலுக்கு இடமில்லை. சிவந்து பழுத்த ஹாலபினோவை அறுவடைக் காலத்திலேயே அரைத்துச் சேமித்து ஆண்டு முழுவதும் பாட்டிலில் அடைக்கிறார்கள். 2022இல் மிளகாய் கிடைக்காமல் உற்பத்தி நின்றபோது கடைகளில் அந்தப் பாட்டிலுக்கு அடிபிடி. பழுத்த மிளகாய் ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும் வரும் பொருள் என்பதை அந்தத் தட்டுப்பாடு எல்லோருக்கும் நினைவூட்டியது. டபாஸ்கோவும் சீராச்சாவும் சுவையில் எவ்வளவு தள்ளி நின்றாலும் இந்த ஓரிடத்தில் ஒன்றுதான்: இரண்டுக்கும் அடியில் இருப்பது உப்பிட்டுச் சேமித்த விழுது.

மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். யுகாத்தானில் ஹபனேரோவை நார்த்தை போன்ற கசப்பு ஆரஞ்சுச் சாற்றோடு கலந்து அன்றன்றைக்கே சாப்பிடுகிறார்கள்; சேமிக்கும் எண்ணமே இல்லை. பக்கத்து பெலீஸில் கேரட்டை வேகவைத்துச் சேர்த்து ஹபனேரோவின் கொடுமையைத் தணிக்கிறார்கள், சாஸுக்கு உடம்பும் கிடைக்கிறது. பார்படோஸில் ஸ்காட்ச் பானட் மிளகாயோடு கடுகும் மஞ்சளும் வினிகரும். ஹூனானில் சிவப்பு மிளகாயைக் கொத்தி உப்பிட்டு ஜாடியில் புளிக்கவைப்பதோடு சரி. மீன் தலைமேல் பரப்பி வேகவைக்க அது போதும். துனிசியாவின் ஹரிஸ்ஸாவை 2022இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அது காய்ந்த மிளகாயும் எண்ணெயும் என்பதால் நம் கேள்விக்கு வெளியே. நமக்குப் பக்கத்திலேயே ஆந்திராவில் பழுத்த மிளகாயைப் புளியோடும் உப்போடும் இடித்து ஜாடியில் வைக்கும் பண்டு மிரப்பக்காய்ப் பச்சடி இருக்கிறது. வேண்டும்போது கொஞ்சம் எடுத்துத் தாளித்துக்கொள்வார்கள். வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றவில்லை என்பதைத் தவிர இதைச் சாஸ் என்று சொல்லத் தடை ஒன்றும் இல்லை.

ஆக வழிகள் இரண்டு. வெளியிலிருந்து புளிப்பைக் கொண்டுவந்து ஊற்றுவது ஒன்று; மிளகாயின் சர்க்கரையிலிருந்தே புளிப்பை உண்டாக்குவது மற்றது.

இரண்டாவது வழியைச் செய்து முடிப்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். அவை மிளகாயின் தோலிலேயே இருக்கின்றன. மற்ற கிருமிகளால் தாங்க முடியாத அளவு உப்பை அவை தாங்கும். அந்த முன்தொடக்கத்தைக் கொடுப்பதுதான் உப்பின் வேலை. முதலில் பெருகுவது பெரும்பாலும் லூக்கனோஸ்டாக் இனம். இட்லி மாவைப் பொங்கவைப்பதும் அதுதான் என்பதால் நம் சமையலறைக்கு அது புதிய விருந்தாளி இல்லை. புளிப்பு ஏற ஏற அது ஒதுங்க, புளிப்பை இன்னும் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் மிச்ச வேலையைப் பார்க்கின்றன. சர்க்கரை இருந்தால்தான் இவை வேலை செய்யும் என்பதால் பழுத்த மிளகாய் பச்சையைவிட நன்றாகப் புளிக்கும். பச்சையாகப் பறித்துக் கூடையில் வைத்துச் சிவக்கவைத்ததற்குச் செடியிலேயே பழுத்ததன் இனிப்பு வருவதில்லை.

உப்பு எவ்வளவு? அரைத்த விழுதாக வைப்பதானால் மிளகாயின் எடையில் 2 முதல் 3 சதவீதம் என்று மேலைநாட்டுக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தக் கணக்கு 20 டிகிரி சுற்றியுள்ள அறைக்கானது. சென்னையிலோ மதுரையிலோ சமையலறை 30 டிகிரிக்கு மேல் கிடக்கும்போது எல்லாக் கிருமிகளும் வேகமெடுக்கும்; கூடவே தசையும் சீக்கிரம் குழைந்துபோகும். 3 முதல் 4 சதவீதம் வைப்பது நமக்குப் பொருத்தம்: அரைக்கிலோ மிளகாய்க்கு 15 முதல் 20 கிராம் கல்லுப்பு. முழு மிளகாயை உப்புநீரில் போடுவதானால் தண்ணீரின் எடையையும் சேர்த்துக்கொண்டு கணக்கிட வேண்டும். இதை மறந்து மிளகாய்க்கு மட்டும் உப்புப் போட்டால் உப்பு பாதியாகிவிடும். கரண்டியால் அளக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுவது நல்லது. கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்பதில்லை.

வெயில் ஊரில் ஒரு லாபமும் உண்டு. குளிர்நாட்டில் மூன்று நான்கு வாரம் ஆவது இங்கே பெரும்பாலும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். மிளகாய் நீர்மட்டத்துக்கு மேலே தலைகாட்டாமல் இருக்க வேண்டும். கண்ணாடித் தட்டோ, உப்புநீர் ஊற்றிக் கட்டிய பிளாஸ்டிக் பையோ பாரமாக வைக்கலாம். முதல் சில நாட்கள் வாயு பொங்கும், மூடியைத் தினம் ஒருமுறை தளர்த்திவிட வேண்டும். மேலே வெள்ளையாக, தட்டையாக ஏடு படிந்தால் அது ஒருவகை ஈஸ்ட்; தீங்கில்லை, வழித்து எறிந்துவிடலாம். பஞ்சுபோல் எழும்பி நிற்கும் பூஞ்சணம், அதிலும் பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறங்கள் தெரிந்தால் முழு ஜாடியையும் கொட்டிவிட வேண்டும். மேலே மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் அவர்கள் பக்கம் இல்லை. பூண்டு போட்டிருந்தால் சில சமயம் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். பார்க்கப் பயமாக இருக்கும்; அது புளிப்பில் பூண்டின் கந்தகப் பொருள்கள் காட்டும் நிறம், கெடுதல் இல்லை.

முதல் வழிக்கு, அதாவது வினிகருக்கு, வருவோம். நம் ஊரில் பெரிதும் கவனிக்கப்படாமல் போகும் பிழை இங்கேதான் இருக்கிறது. அமெரிக்கக் குறிப்பில் வினிகர் என்றால் 5 சதவீத அசெட்டிக் அமிலம் கொண்டது. நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பெரும்பாலும் 4 சதவீதம்தான் என்று பாட்டிலின் முதுகிலேயே அச்சிட்டிருக்கும். ஒரு கோப்பை ஊற்றச் சொன்ன இடத்தில் நாம் ஒன்றேகால் கோப்பை ஊற்ற வேண்டும். அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். புளிக்கவைக்காமல் வேகவைத்து அரைக்கும் சாஸில் மிளகாயின் எடைக்குச் சமமாக 4 சதவீத வினிகர் ஊற்றுவது நல்ல தொடக்கம். இலங்கையில் தென்னங்கள்ளிலிருந்து வரும் தேங்காய் வினாகிரி எளிதாகக் கிடைக்கும். வெள்ளை வினிகரின் மொட்டையான குத்தலைவிட அது எவ்வளவோ மேல். எலுமிச்சைச் சாறு வினிகரைவிடக் கடுமையான புளிப்பு. ஆனால் பழத்துக்குப் பழம் மாறும், சில வாரங்களில் மணம் கசந்துவிடும். அன்றைய சாஸுக்கு எலுமிச்சை, சேமிக்கும் சாஸுக்கு வினிகர் என்று வைத்துக்கொள்ளலாம். புளிக்கரைசலின் தடிமன் கைக்குக் கை மாறுவதால் அதை மட்டும் நம்பிப் பாட்டிலில் அடைப்பது சரியல்ல. ஆந்திரப் பச்சடியில் அது நிற்பது கூடவே உப்பும் தாராளமாக இருப்பதால்.

வினிகர் மட்டும் கொண்ட சாஸ் கூர்மையாக இருக்கும், நாக்கில் ஒரே இடத்தில் குத்தும். புளிக்கவைத்தது மட்டும் கொண்ட சாஸ் ஆழமாக இருக்கும். ஆனால் அறைச்சூட்டில் விட்டால் தொடர்ந்து புளித்துக்கொண்டே போகும், நேற்றைய சுவை நாளை இருக்காது. டபாஸ்கோக்காரர்கள் செய்வதை, காலத்தைச் சுருக்கி வீட்டில் செய்வதுதான் நம் சமையலறைக்கு ஏற்ற முடிவு என்று நினைக்கிறேன்: முதலில் புளிக்கவை, பிறகு வினிகரால் நிறுத்து. அரைக்கிலோ பழுத்த மிளகாய், 15 கிராமுக்குக் குறையாத உப்பு, ஆறேழு பல் பூண்டு சேர்த்துக் கொரகொரவென்று அரைத்து ஜாடியில் ஒரு வாரம். பிறகு 150 முதல் 200 மில்லி வினிகர் ஊற்றி மிக்ஸியில் நைசாக அரைத்து, கொதிக்கவிட்டு, வடிகட்டி, மறுபடி சூடேற்றி, வெந்நீரில் கொதிக்கவைத்த பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடு. கொதிக்கவிட்டால் பாக்டீரியாக்கள் செத்துவிடுமே என்று வருத்தப்படுபவர்கள் கொதிக்கவிடாமல் ஃபிரிஜ்ஜில் வைத்துக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ளும் ஒரு சொட்டுச் சாஸிலிருந்து உடம்புக்கு வரும் நன்மை பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. சர்க்கரையோ மாம்பழமோ அன்னாசியோ சேர்ப்பவர்கள் மட்டும் கொதிக்கவிட்டே ஆகவேண்டும். உயிரோடிருக்கும் ஈஸ்ட்டுக்கு அது புதுத் தீனி, மூடிய பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

புளிப்புப் போதுமா என்பதை நாக்கு சொல்லிவிடும் என்று நம்பக் கூடாது. உப்பும் இனிப்பும் காரமும் சேர்ந்து நாக்கை ஏமாற்றும். நிறம் மாறும் பி.எச். காகிதமும் சிவப்புச் சாஸில் உதவாது, காகிதமே சிவந்துவிடும். பேனா அளவுள்ள மின்னணு பி.எச். மீட்டர் ஒன்று வாங்கி, 4, 7 என்ற இரண்டு அளவுக் கரைசல்களில் சரிபார்த்துக்கொண்டு, சாஸ் ஆறிய பிறகு அளக்க வேண்டும். 4க்கு மேல் காட்டினால் இன்னும் கொஞ்சம் வினிகர். இந்த ஒரு கருவியை வாங்க மனமில்லாதவர் சாஸைச் சிறிதளவாகச் செய்து ஃபிரிஜ்ஜில் வைத்துச் சில வாரங்களில் தீர்த்துவிடுவதே முறை. பச்சைப் பூண்டையும் மிளகாயையும் எண்ணெயில் மூழ்கடித்து அறையில் வைத்தால் கெடாது என்ற நம்பிக்கையை மட்டும் யாரும் கைக்கொள்ளக் கூடாது. எண்ணெய் காற்றைத் தடுக்கும், புளிப்பைத் தராது. பாட்டுலினம் கேட்பது சரியாக அந்தச் சூழலைத்தான்.

எந்த மிளகாய்? மணமும் உடம்பும் ஒன்றிலிருந்து, காரம் இன்னொன்றிலிருந்து எடுப்பது நல்ல உத்தி. சிவந்து பழுத்த பஜ்ஜி மிளகாய் கிடைத்தால் சதைக்கு அதைவிட வேறு வேண்டாம். காரத்துக்குக் கன்னியாகுமரிப் பக்கம் காந்தாரியில் ஒரு பிடி, இலங்கையில் நை மிரிஸ் இரண்டு போதும். இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. ஆனால் அதன் புகழ் வத்தலாகக் காய்ந்த பிறகு. தடித்த தோல் சாஸில் அரைபடாமல் நிற்கும், வடிகட்டினால்தான் சரிவரும். பச்சை மிளகாயில் செய்பவர்கள் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும்: புளிப்பும் சூடும் சேர்ந்தால் இலைப்பச்சை சிதைந்து சாஸ் காக்கி நிறமாகிவிடும். ஃபிரைடு ரைஸ் கடையில் பார்க்கும் பளிச்சென்ற பச்சை பலவற்றில் சேர்த்த நிறமியின் பச்சை.

பாட்டிலில் சில நாளில் தண்ணீர் தனியாகவும் விழுது தனியாகவும் பிரிவது குறையில்லை, குலுக்கினால் சேரும். பிடிக்காதவர்கள் லிட்டருக்கு ஒரு கிராம் சாந்தன் கம் தூவி மிக்ஸியில் ஓட்டலாம். சோளமாவு கரைத்துக் காய்ச்சினால் சாஸ் வழவழவென்று கஞ்சியாகிவிடுகிறது, சுவையும் மங்குகிறது.

கொதிக்கும்போது எழும் ஆவி கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும், சன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். சூடான விழுதை மிக்ஸியில் மூடி இறுக்கி ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கிவிடும், ஆறவிட்டு அரைப்பதே நல்லது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எரியும் கையில் முதலில் சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாய் எரிந்தால் தண்ணீருக்குப் பதில் பாலோ மோரோ.

வடிகட்டிய பிறகு சல்லடையில் தங்கும் தோலையும் விதையையும் பலர் எறிந்துவிடுகிறார்கள். உப்பும் புளிப்பும் ஏறிய அந்தச் சக்கையைத் தட்டில் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துப் பொடித்தால், கொய்யாவுக்கும் மாங்காய்க் கீற்றுக்கும் தூவ அருமையான மிளகாய் உப்பு. அதில் தனியாக உப்புச் சேர்க்க வேண்டியதில்லை. ஈரம் முழுக்கப் போய் நொறுங்கும் பதம் வந்த பிறகு பொடித்தால் கட்டி தட்டாது.